யந்திர புத்தியும் கிராமத்துக் கண்களும்

(மதுரையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செயற்கை நுண்ணறிவினால் சமூகத்துக்கு விளையும் அன்றாடப் பயன்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று இச்சபையின் நிர்வாகிகள் என்னைப் பணித்திருக்கிறார்கள். இந்தப் பொருளைத் தொடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நோயும் வறுமையும் நீங்கிப் பொற்காலம் பிறக்கப் போகிறது என்று ஒரு சாராரும், மனிதன் உத்தியோகத்தையும் விவேகத்தையும் ஒருங்கே இழந்து யந்திரத்தின் காலடியில் விழப் போகிறான் என்று மற்றொரு சாராரும் வாதிக்கிறார்கள். இரு சாராருடைய வாதமும் வரப்போகும் காலத்தைப் பற்றியதாகையால், யாரும் யாரையும் தோற்கடிக்க முடியாமல் அது நீண்டுகொண்டே போகிறது. வரப்போகும் காலத்தை ஜோசியர்களிடம் விட்டுவிட்டு, ஏற்கெனவே நடந்தேறிய ஒரு காரியத்தை, அதுவும் அயல்நாட்டில் எங்கோ நடந்ததையல்லாமல் நம்முடைய மதுரையிலேயே நடந்ததை, எடுத்து வைத்துக்கொண்டு அதன் அனுகூலம் எது, எல்லை எது, அது பலித்ததற்குக் காரணம் எது என்று நிதானமாக ஆராய்வதே இன்று நமக்குப் பிரயோஜனமானது என்று கருதுகிறேன்.

உங்களில் பலர் இன்று காலை முதற்கொண்டே இந்த யந்திர புத்தியின் உதவியை, அது இன்னதென்று அறியாமலே பெற்றிருப்பீர்கள். மாசி வீதிகளில் நெரிசல் மிகுந்திருக்கிறது, வேறு வழியாகப் போங்கள் என்று கைபேசியின் வரைபடம் சொல்கிறது. எழுத்துக் கூட்டித் தட்டச் சலிக்கிற கீழமாசி வீதி வியாபாரி, வாயால் சொன்ன விலைப்பட்டியலைத் தமிழ் எழுத்தாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். வங்கிக் கணக்கிலிருந்து வழக்கத்துக்கு மாறான தொகை வெளியேறினால், அதைச் சந்தேகிப்பதும் பெரும்பாலும் ஒரு யந்திரமே. இவையெல்லாம் சௌகரியங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டோம். ஆனால் சௌகரியம் வேறு, நன்மை வேறு. உள்ளவனுக்கு நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுப்பது சௌகரியம். இல்லாதவனுக்கு இதுவரை கிட்டாத ஒன்றைக் கிட்டச் செய்வது நன்மை. இந்த இரண்டாவது வகையைப் பற்றியே நான் விரிவாகப் பேச விரும்புகிறேன்.

யந்திரம் சிந்திக்கக் கூடுமா என்ற கேள்வியைத் தர்க்க சாஸ்திரிகளின் அரங்கிலிருந்து விஞ்ஞானிகளின் மேஜைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர், 1950-ஆம் ஆண்டு 'மைண்ட்' என்ற சஞ்சிகையில் புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயர். அவருடைய தாயார் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் சென்னை ரயில்வேயில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். அக்கட்டுரை வெளிவந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1956-ல், அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் கூடிய சில இளம் அறிஞர்கள் இத்துறைக்கு இன்றைய பெயரைச் சூட்டினார்கள். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெரும் எதிர்பார்ப்பும் பெரும் ஏமாற்றமும் மாறிமாறி வந்த பின்னரே, படங்களைப் பார்த்துப் பாகுபடுத்தும் திறமை யந்திரத்துக்குக் கைவந்தது. அந்தத் திறமை வைத்தியத் துறையில் புகுந்தபோது, அது முதன்முதலில் பரீட்சிக்கப்பட்ட இடங்களுள் ஒன்றாக நம்முடைய ஊர் அமைந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோய் உடையவர்கள் ஏறக்குறைய 10 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல், அதாவது ஏழு பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. இந்த நோய் பல ஆண்டுகள் உடம்பில் தங்கும்போது, கண்ணின் உட்சுவரில் படர்ந்திருக்கும் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை மெல்ல மெல்லக் கெடுக்கிறது. முதலில் குழாய்களின் சுவர் நலிந்து ஊசிமுனையளவு சிவப்புப் புள்ளிகளாகப் புடைக்கிறது. பிறகு இரத்தம் கசிகிறது. மஞ்சள் நிறக் கொழுப்புத் திட்டுகள் படிகின்றன. முற்றிய நிலையில், வலுவற்ற புதுக் குழாய்கள் தாறுமாறாக முளைத்து, ஒரு நாள் உடைந்து, கண்ணுக்குள் இரத்தம் நிரம்பிப் பார்வை மறைகிறது. இதில் கொடுமை என்னவென்றால், தொடக்க நிலைகளில் நோயாளிக்கு வலியும் இல்லை, மங்கலும் இல்லை. அந்த அமைதியான காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியும், லேசர் சிகிச்சையினாலும், கண்ணுக்குள் போடும் ஊசியினாலும் பெரும்பாலான பார்வையைக் காப்பாற்றலாம். பார்வை போன பிறகு வருகிறவருக்கோ, போனதைத் திருப்பித் தர எந்த வைத்தியராலும் பெரும்பாலும் இயலுவதில்லை.

எனவே பரிகாரம் எளிது போலத் தோன்றும்: சர்க்கரை நோயாளி ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும். காட்டுவது யாரிடம்? நம் தேசத்தில் பத்து லட்சம் ஜனங்களுக்குக் கண் வைத்தியர் பத்துப் பதினைந்து பேரே என்கிறார்கள். அவர்களிலும் விழித்திரையில் தேர்ந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரும் நகரங்களில் இருக்கிறார்கள். உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கூலி வேலைக்குப் போகும் ஒரு மூதாட்டி, நன்றாகத் தெரிகிற கண்ணைக் காட்டுவதற்காக, அன்றைய கூலியை விட்டு, துணைக்கு மகனையும் கூலியை விடச் செய்து, நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து ஆரப்பாளையத்தில் இறங்கி, ஆஸ்பத்திரியில் ஒரு பகல் காத்திருந்து, 'ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் வாருங்கள்' என்று கேட்டுத் திரும்ப வேண்டும் என்றால், அவர் அடுத்த வருஷம் வருவாரா? வரமாட்டார். அவரைக் குறை சொல்லவும் நமக்கு நியாயம் இல்லை.

இந்தச் சிக்கலை நன்றாக அறிந்திருந்தவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர். அரசாங்க வேலையிலிருந்து 58-ஆம் வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தினால் விரல்கள் கோணிப்போன கையுடனே பல்லாயிரம் கண்புரை அறுவைகளைச் செய்தவர், 1976-ல் அண்ணா நகரில் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். பணம் கொடுக்க வல்லவர்களிடம் வாங்கி, கொடுக்க இயலாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ அதே தரத்தில் சிகிச்சை செய்வது என்பது அவர் வகுத்த தர்மம். கிராமங்களுக்குப் போய் முகாம் நடத்திப் புரை நோயாளிகளை வண்டியில் ஏற்றி வந்து அறுவை செய்து திருப்பி அனுப்புவது அவர் வகுத்த முறை. அயல்நாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்துகொண்டிருந்த கண்ணின் உள்வில்லையை, 1992-ல் ஆரோலேப் என்ற ஆலையை நிறுவி மதுரையிலேயே மிகக் குறைந்த விலையில் செய்தார்கள். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தெரிந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி தந்து, வைத்தியர் அல்லாதார் செய்யக்கூடிய பரிசோதனைகள் அத்தனையையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். 2004-ஐ ஒட்டி, சிற்றூர்களில் 'விஷன் சென்டர்' எனப்படும் சிறு கண் பரிசோதனை நிலையங்களைத் திறந்து, அங்குள்ள பெண் ஊழியர் பரிசோதிக்க, தலைமை ஆஸ்பத்திரியிலுள்ள வைத்தியர் கணினித் திரை வழியாக நோயாளியுடன் பேசும் ஏற்பாட்டைச் செய்தார்கள். தேனிப் பக்கத்தில் இணைய வசதி சரியாக இல்லாத காலத்தில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் நெடுந்தூர வைஃபை இணைப்பு அமைத்துக் கொடுத்து அதற்குத் துணை நின்றார்கள். இன்று இத்தகைய நிலையங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

யந்திர புத்தியைப் பற்றிப் பேச வந்தவன் ஆஸ்பத்திரியின் சரித்திரத்தை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்று நீங்கள் வியக்கலாம். யந்திரம் வருவதற்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே அதற்கு வேண்டிய நிலம் இங்கே பண்படுத்தப்பட்டு வந்தது என்பதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே காரணம். என் பேச்சின் சாரம் அதில்தான் இருக்கிறது.

கூகுள் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரை நோயின் பாதிப்பைச் சொல்லும் யந்திரம் ஒன்றைச் செய்ய முற்பட்டபோது, அவர்களுக்குப் படங்கள் தேவைப்பட்டன. அமெரிக்காவிலிருந்து சில, இந்தியாவில் அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று கண் ஆஸ்பத்திரிகளிலிருந்து சில என்று 1,28,175 படங்கள் சேர்க்கப்பட்டன. 54 கண் வைத்தியர்கள் அவற்றைப் பார்த்து, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று முதல் ஏழு பேர் வரை தனித்தனியாக, நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று அபிப்பிராயம் எழுதினார்கள். வைத்தியர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஒருவர் நோய் என்ற படத்தை மற்றொருவர் நோயில்லை என்றார். ஒரே படத்தை மறுபடி காட்டியபோது சிலர் தம் கருத்தையே மாற்றிக்கொண்டார்கள். ஆகவேதான் ஒரு கண்ணை நம்பாமல் பல கண்களை நம்பினார்கள்.

இப்படங்களைக் கொண்டு யந்திரம் எவ்வாறு கற்றது? 'சிவப்புப் புள்ளி கண்டால் நோய் என்று சொல்' என்ற விதி எதையும் அதற்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் ஒரு குத்து மல்லிகையைக் கையில் அள்ளிய மாத்திரத்தில் இது எத்தனை நாழிகை தாங்கும், என்ன விலைக்குப் போகும் என்று சொல்லிவிடுகிற வியாபாரியிடம், எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால் அவருக்கு விதி சொல்லத் தெரியாது. பல்லாயிரம் முறை அள்ளிய கை அது. யந்திரமும் அப்படியே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விடையை ஊகித்து, வைத்தியர் சொன்ன விடையோடு ஒப்பிட்டு, பிழை எவ்வளவோ அவ்வளவுக்குத் தனக்குள் இருக்கும் எண்ணற்ற எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டு, அந்த ஒழுங்கை லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நடத்திப் பழகியது. 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இதன் முடிவுகள் வெளியாயின. புதிய படங்களைக் காட்டியபோது, தேர்ந்த கண் வைத்தியர்களுக்குச் சமமாக அது நோயைக் கண்டது. இந்தக் கட்டுரையை எழுதியோர் வரிசையில் அரவிந்த் ஆஸ்பத்திரியின் விழித்திரை வைத்தியர் டாக்டர் ஆர். கிம் அவர்களின் பெயரும் இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து மற்றொரு ஆச்சரியம் வெளிப்பட்டது. விழித்திரைப் படத்தை மட்டும் பார்த்து, அதற்குரியவர் ஆணா பெண்ணா, வயது ஏறக்குறைய எத்தனை, புகை பிடிப்பவரா என்பதையெல்லாம் யந்திரம் பெரும்பாலும் சரியாகச் சொல்லிற்று. விழித்திரையைப் பார்த்து ஆண் பெண் சொல்ல எந்த வைத்தியருக்கும் அதுவரை தெரியாது.

படிப்பறையில் ஜெயித்த பிள்ளை சந்தைக்கு வந்தால் என்ன ஆகும் என்ற சந்தேகம் நியாயமானது. அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலுமாக 3,049 சர்க்கரை நோயாளிகளிடம் அந்த யந்திரம் பரீட்சிக்கப்பட்டது. 2019-ல் முடிவு வெளியாயிற்று. கவனிக்க வேண்டிய அளவு நோய் முற்றிய கண்கள் நூறு இருந்தால், அரவிந்தில் யந்திரம் ஏறக்குறைய 89-ஐயும், சங்கர நேத்ராலயாவில் 92-ஐயும் பிடித்தது. அதே படங்களைத் தனித்தனியாகப் பார்த்த மனிதப் பரிசோதகர்களோ, ஆளுக்கு ஆள் வேறுபட்டு, 73 முதல் 90 வரை பிடித்தார்கள். இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். யந்திரம் மனிதனுக்குக் குறைந்தது அல்ல என்பது ஒன்று. நூற்றில் ஏறக்குறைய பத்தை அதுவும் தவறவிட்டது என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் சொல்கிறவர் விற்க வந்தவர்; இரண்டாவதை மட்டும் சொல்கிறவர் பயமுறுத்த வந்தவர். இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கேட்பதே விவேகம். அதே 2019-ஆம் ஆண்டில் அந்த யந்திரம் அரவிந்த் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கான நடைமுறைப் பிரயோகத்துக்கு வந்தது. 2025-ல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 45 இடங்களில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோரின் கண்கள் இவ்விதம் பரிசோதிக்கப்பட்டிருப்பதாகத் தெரிவிக்கிறது.

இது நடைபெறும் சிறு அறையில் நடப்பது என்ன? ஒரு மேஜை, அதன்மேல் ஒரு காமிரா, எதிரே ஒரு முக்காலி, ஜன்னலுக்குத் திரை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காரும் மூதாட்டி கேட்பது அநேகமாக இதுதான்: "சுகர் பாக்க வந்தவளுக்குக் கண்ணை எதுக்குத்தா படம் பிடிக்கிற? எனக்குத்தான் ஊசியில நூல் கோக்குற அளவுக்குத் தெரியுதே." அதற்குக் காமிராவை இயக்கும் பெண், "இப்பத் தெரியுது பாட்டி. உள்ளே நரம்பு கெட்டுப்போச்சுன்னா அப்புறம் கண்ணாடி போட்டாலும் தெரியாது. நாடியை இதுல வைங்க, நெத்தி இந்தப் பட்டையில ஒட்டணும். உள்ளே ஒரு வெளிச்சம் தெரியுதா? அதையே பாருங்க, சிமிட்டாதீங்க" என்கிறாள். பாட்டி சிமிட்டிவிடுகிறார். மறுபடி எடுக்கிறாள். புரை இருந்தால் படம் மங்குகிறது. பாவை சுருங்கியிருந்தால் சொட்டு மருந்து விட்டு உட்கார வைக்கிறாள். படம் சரியாக விழுந்ததும் திரையில் செம்மஞ்சள் வட்டம் ஒன்று, அதன் நடுவே கிளைவிட்ட ஆற்றைப் போல் இரத்தக் குழாய்கள் தோன்றுகின்றன. சற்று நேரத்தில் யந்திரத்தின் நிர்ணயம் வருகிறது. அவ்வளவுதான். இதில் யந்திரம் செய்த காரியம் சில விநாடி. அந்தப் பெண் செய்த காரியம் கால் மணி.

அந்தக் கால் மணி நேரத்தின் அருமை தாய்லாந்தில் விளங்கியது. இதே யந்திரத்தை அந்நாட்டில் பதும்தானி, சியாங்மாய் ஆகிய மாகாணங்களில் 11 சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோய், அங்கே நிகழ்ந்ததை மறைக்காமல் 2020-ல் எழுதினார்கள். பல நிலையங்களில் இருட்டறை இல்லாததால் படங்கள் தெளிவாக விழவில்லை. தாதிகள் அனுப்பிய படங்களில் நூற்றுக்கு 21 தகுதியற்றவை என்று யந்திரம் நிராகரித்தது. நிராகரிக்கப்பட்ட நோயாளி, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொலைவிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கும்படி ஆயிற்று. இணைய இணைப்பு மெதுவாக இருந்த இடங்களில் வரிசை நீண்டது. யந்திரத்தின் புத்தியில் குறைவில்லை. ஜன்னலுக்குத் திரை இல்லை, அவ்வளவே. ஒரு முழ இருட்டுத் துணி இல்லாமல், பெரும் முயற்சியால் உண்டாக்கிய நுண்ணறிவு தடுமாறிப்போயிற்று என்பதை, இத்தகைய யந்திரங்களை வாங்கப் புறப்படும் ஒவ்வோர் அதிகாரியும் சிந்திக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. 'உங்கள் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறது' என்று யந்திரம் சொன்ன உடனே யாருடைய பார்வையும் பிழைத்துவிடுவதில்லை. அந்த மூதாட்டி மதுரைக்கு வர வேண்டும். வர பஸ் வேண்டும், துணை வேண்டும். வந்தால் லேசர் செய்ய வைத்தியர் வேண்டும். செலவுக்குப் பயந்து திரும்பிப் போகாமல் இருக்க, இலவசமாகவும் செய்வார்கள் என்ற நம்பிக்கை வேண்டும். ஐம்பது ஆண்டுக் காலம் முகாம்களில் ஊரார் கண்டு பழகிய நம்பிக்கை அது; எந்தக் கணினியிலிருந்தும் அதை இறக்குமதி செய்ய இயலாது. முன்பு நூறு பேரும் வைத்தியருக்காகப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. இப்போது தேவையுள்ள சிலர் மட்டும் பயணம் செய்கிறார்கள், மற்றவர்கள் தம் ஊரிலேயே நிம்மதி பெற்று வீடு திரும்புகிறார்கள். விழித்திரை வைத்தியரின் நேரமோ, நோயில்லாத கண்களைப் பார்த்துக் கழியாமல், நோயுள்ள கண்களைக் காப்பதில் செலவாகிறது. இங்கே யந்திரம் எந்த வைத்தியரின் உத்தியோகத்தையும் பறிக்கவில்லை. இல்லாத வைத்தியருடைய இடத்தில் ஒரு பார்வையைக் கொண்டுவந்து வைத்தது. முற்பகுதியில் நான் சொன்ன நன்மை என்பது இதுவே.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டால், நம் மாநிலத்தில் நடக்கும் வேறு முயற்சிகளையும் எடை போடலாம். கோவையை அடுத்த மதுக்கரைக் காட்டுவழியே செல்லும் ரயில் பாதையில் யானைகள் அடிபட்டு மடிவது நெடுநாளைய துயரம். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் மாண்டன. 2024 பிப்ரவரியில் அங்கே 12 கோபுரங்களில் 24 காமிராக்களை நிறுத்தி, யானை பாதையை நெருங்குவதை யந்திரம் கண்டு, கட்டுப்பாட்டு அறைக்கும் ரயில்வேயாருக்கும் தெரிவிக்கும்படி தமிழ்நாடு வனத்துறை ஏற்பாடு செய்தது. அங்கும் யந்திரம் யானையை விரட்டுவதில்லை. செய்தி கேட்டவுடன் இருளில் ஓடி நின்று விரட்டுகிறவர்கள் வனக் காவலர்கள். வேகத்தைக் குறைக்கிறவர் ரயில் ஓட்டுநர். மொழித் துறையில், சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஏ.ஐ.4பாரத் குழுவினரும், மத்திய அரசின் பாஷிணி திட்டமும், தமிழ் உட்பட நம் நாட்டு மொழிகளில் பேச்சை எழுத்தாக்கவும் மொழிபெயர்க்கவும் கருவிகள் செய்து வருகிறார்கள். உச்ச நீதிமன்றமும் தீர்ப்புகளைப் பிரதேச மொழிகளில் பெயர்க்க 2019 முதல் யந்திர உதவியை நாடுகிறது. தனக்கு எதிராகவோ சாதகமாகவோ எழுதப்பட்ட தீர்ப்பைத் தன் தாய்மொழியில் படிக்கும் உரிமை சாதாரணக் குடியானவனுக்குக் கிடைக்குமானால் அது பெரிய காரியம். ஆனால் சட்டத்தில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஒரு குழி நிலம் பிறழும். ஆதலால் அங்கும் மனிதர் ஒருவர் உட்கார்ந்து ஒப்புநோக்கியே தீர வேண்டும்.

பிரதிகூலங்களைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சொற்பொழிவு விளம்பரமாகிவிடும். வாட்ஸ்அப்பில் பிள்ளையின் குரலைப் போலவே பேசிப் பணம் பறிக்கும் வஞ்சகர்களுக்கும் இதே நுண்ணறிவு ஊழியம் செய்கிறது. ஆதலால், அவசரம் என்று பணம் கேட்டு வரும் எந்தக் குரலையும், அது பெற்ற பிள்ளையின் குரலே ஆனாலும், அழைப்பைத் துண்டித்துவிட்டு, நமக்குத் தெரிந்த எண்ணில் நாமே கூப்பிட்டு விசாரித்த பிறகே நம்ப வேண்டும். அடுத்தது, நம்முடைய உடம்பின் படங்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. விழித்திரைப் படத்திலிருந்து வயதையும் பாலினத்தையும் புகைப்பழக்கத்தையும் அறியலாம் என்றால், அது வெறும் படம் அல்ல, ஒரு மனிதனைப் பற்றிய வாக்குமூலம். 2023-ல் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு முன்பே 2020-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையும் இந்தத் திசையில் எடுத்த அடிகள். ஆனால் ஏட்டிலுள்ள சட்டம், கேட்கத் தெரிந்த குடிமகனுக்கு மட்டுமே காவல்.

ஆகையால் மாணவ நண்பர்களே, இனி உங்கள் ஊருக்கோ அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ இத்தகைய யந்திரம் ஒன்று வரும்போது, அது எவ்வளவு புத்திசாலி என்று கேட்டு மயங்காமல், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதுவரை கிட்டாதவருக்கு இது எதைக் கிட்டச் செய்கிறது? இது தவறினால், தவறு என்று கண்டுபிடித்துத் திருத்தப் பொறுப்பான மனிதர் யார், அவர் பெயர் என்ன? இது சொல்லி முடித்த பிறகு, சொன்னதைச் செய்து முடிக்க ஆளும் வழியும் இருக்கின்றனவா? இம்மூன்றுக்கும் விடை இருக்குமிடத்தில் யந்திரத்தைத் தயக்கமின்றி வரவேற்கலாம். விடை இல்லாத இடத்தில் எத்தனை விலையுயர்ந்த யந்திரமானாலும் அது காட்சிப் பொருள்தான். முதலில் மனிதர்களைத் தயார் செய்யுங்கள், பிறகு யந்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்பதே மதுரை நமக்குக் கற்பித்த பாடம் என்பது என் துணிபு.

முடிவாகப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். கணக்குப்படி பார்த்தால் இந்த மண்டபத்தில் ஏழு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்க வேண்டும். அப்படி இருப்பவர்கள், பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று எண்ணி ஒத்திப்போடாமல், ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்டிவிடுங்கள். யந்திரத்திடம் காட்டினாலும் சரி, வைத்தியரிடம் காட்டினாலும் சரி. வீட்டில் சர்க்கரை நோயுள்ள தாய் தகப்பன் இருந்தால், இந்த மாதத்துக்குள் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.